இடப்பக்கம் மூன்றாவது பெஞ்சு

எங்கள் சர்ச்சில் ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம். பிள்ளைகள் எந்தப் பக்கம் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்க வேண்டிய அவசியமும் யாருக்கும் வந்ததில்லை. பெற்றவள் எந்தப் பக்கமோ பிள்ளையும் அந்தப் பக்கம். பையன்களுக்கு எட்டு ஒன்பது வயதாகி, தண்ணீர் தொட்டு வகிடு எடுத்து, ஒன்றரை மணி நேரம் வாயைப் பொத்திக்கொண்டு உட்காரத் தெரிந்த பிறகுதான் அவர்கள் இடப்பக்கம் போவார்கள். அதாவது, நாம் பெற்று வளர்த்து, பழக்கி, மூக்கைத் துடைத்து, தயார் செய்து கொடுத்தால் ஆண்கள் பக்கம் ஏற்றுக்கொள்ளும்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், ரயில்வே குவார்ட்டர்ஸை ஒட்டி இருந்த சின்னத் தமிழ்ச் சபை அது. எண்பதுகளின் தொடக்கம். எனக்கு முப்பது முடியவில்லை, மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்கு ஐந்து வயது. வாயாடி. போதகர் பிரசங்கத்தில் "ஆண்டவர் சீக்கிரம் வருகிறார்" என்று சொன்னால், "எத்தனை மணிக்கும்மா?" என்று சர்ச் முழுக்கக் கேட்கும்படி கேட்பாள். நடுவனுக்கு மூன்று. பெஞ்சுக்கு அடியில் புகுந்து, பெண்கள் கழற்றி வைத்திருக்கும் செருப்புகளை ஜோடி மாற்றி வைத்துவிட்டு வருவான். ஆராதனை முடிந்து எல்லாரும் எழுந்தால் ஒருத்தி காலில் சிவப்பு, இன்னொருத்தி காலில் கறுப்பு. கடைக்குட்டிக்கு ஒன்றரை. அவனுக்குக் கைவசம் ஒரே வித்தை, கத்துவது. ஆனால் அதை நன்றாகவே கற்றிருந்தான்.

"பிள்ளைங்கள வளக்கத் தெரியல" என்று முன்வரிசை ஆன்டிகள் பேசிக்கொண்டது என் காதில் விழாமல் இல்லை. என் பிள்ளைகளிடம் ஒரு குறையும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு, மரப்பெஞ்சில், பெயருக்குச் சுழலும் காற்றாடிக்குக் கீழே, தமிழே சரியாகப் புரியாத வயதில் அசையாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப் பார்த்தால் எனக்குத்தான் கவலை வரும். டாக்டரிடம் காட்ட வேண்டும் அதை.

நாங்கள் சாலாக் செலாத்தானில் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரர் அரசாங்க ஆபீசில் கிளார்க், சர்ச்சில் கமிட்டிச் செயலாளர். செயலாளர் முன்கூட்டியே போக வேண்டும். அதனால் அவர் ஏழு மணிக்கே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், பையில் நீலப் பேனா ஒன்று சிவப்புப் பேனா ஒன்று செருகிக்கொண்டு, மோட்டார்சைக்கிளில் கிளம்பிவிடுவார். நான் மூன்று பிள்ளைகள், பால் போத்தல், மாற்றுத் துணி, பிஸ்கட் டின் எல்லாவற்றோடும் மினி பஸ்சில் வருவேன். மினி பஸ் டிரைவர் பிரேக் போடுகிற ஒவ்வொரு தடவையும் நாங்கள் நால்வரும் யார் மடியிலாவது போய் விழுவோம். சர்ச் வாசலை மிதிக்கும்போதே என் புடவை அன்றைய வேலையை முடித்துக் களைத்திருக்கும்.

உள்ளே போய் அதிகம் போனால் இருபது நிமிடம். முதல் பாட்டு, ஜெபம், வேத வாசிப்பு. அதற்குள் ஒருவன் ஆரம்பித்துவிடுவான். முன்வரிசை ஆன்டி திரும்பிப் பார்ப்பார். ஒரு தடவை பார்த்தால் எச்சரிக்கை. இரண்டாவது தடவை பார்த்தால், வாசலில் நிற்கும் அங்கிள் வந்துவிடுவார். வந்தவர்களை வரவேற்று உட்கார வைப்பது அவர் வேலை, சத்தம் போடுபவர்களை வெளியே அனுப்புவதும் அவர் வேலை. ஒரு வார்த்தை பேசமாட்டார். கையில் இருக்கும் பாட்டுப் புத்தகத்தால் கதவைக் காட்டுவார், அவ்வளவுதான்.

வெளியே கார் நிறுத்துகிற போர்ச். தகரக் கூரை. அங்கேதான் கைப்பிள்ளைக்காரிகள் எல்லாரும் நிற்போம். ஒரு பக்கம் ரயில் சத்தம், மறுபக்கம் கடையில் வடை பொரியும் வாசனை. உள்ளே இருந்து பாட்டு மட்டும் கேட்கும். பிரசங்கம் கேட்காது, ஏனென்றால் போர்ச் வரைக்கும் ஸ்பீக்கர் கிடையாது. மூன்று வருடத்தில் நான் கேட்ட பிரசங்கம் எல்லாம் சேர்த்து "ஆகவே, பிரியமானவர்களே" என்ற இடத்தோடு நின்றுவிட்டது. ஆகவே என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பிரசங்கம் போனால் போகட்டும் என்று விட்டேன். விட முடியாதது திருவிருந்து.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்குத் திருவிருந்து. பத்துப் பத்துப் பேராகப் பீடத்துக்கு முன்னால் மரக் கிராதியில் முழங்கால் போடுவோம். போதகர் ஒவ்வொருவருக்கும் அப்பத்துண்டு கொடுத்து, விரல் நுனி அளவு கண்ணாடிக் கோப்பையில் திராட்சை ரசம் கொடுத்து, "சமாதானத்தோடே போங்கள்" என்று சொல்வார். எழுந்து அடுத்த பத்துப் பேருக்கு இடம் விட வேண்டும். இதற்குப் பந்தி என்றுதான் பெயர். முதலில் ஆண்கள் பந்தி, அப்புறம் பெண்கள் பந்தி. பந்திக்கு முந்து என்று சொல்லிவைத்தவர் யாராக இருந்தாலும் எங்கள் சர்ச்சில் இடப்பக்கம் உட்கார்ந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

சின்னப் பிள்ளைகளைக் கிராதிப் பக்கம் கொண்டுவரக் கூடாது. எப்போதோ ஒரு பிள்ளை ரசக் கோப்பைத் தட்டைத் தட்டிவிட்டதாம். அந்தப் பிள்ளைக்கு இப்போது கல்யாணமாகி அதற்கே பிள்ளை இருக்கும், ஆனால் விதி அப்படியே இருந்தது. நான் இரண்டு முறை கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் வரை போய்ப் பார்த்தேன்.

"பிள்ளைங்கள யார்கிட்டயாவது விட்டுட்டு வாம்மா" என்றார் வாசல் அங்கிள்.

யாரிடம்? பெண்கள் எல்லாரும் பந்தியில். போர்ச்சில் நிற்பவர்கள் கையில் அவரவர் பிள்ளைகள். ஒரு தடவை நாங்கள் முறை வைத்துப் பார்த்தோம். கிள்ளானிலிருந்து இரட்டைப் பிள்ளைகளோடு பஸ் ஏறி வரும் அக்கா ஒருத்தி, "நீங்க போங்கலா, நான் பாத்துக்கிறேன்" என்று ஒன்பது பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். ஐந்தே நிமிடத்தில் என் நடுவன் சர்ச்சை ஒட்டிய சாக்கடைக் கால்வாயில் விழுந்து எழுந்து வந்தான். நான் கிராதியை எட்டுவதற்குள் திரும்பி ஓடி வந்தேன். அதோடு அந்த ஏற்பாடு முடிந்தது.

ஆனால் வாசலில் நின்றபோது ஒன்றைப் பார்த்தேன். பார்த்ததை மறக்க முடியவில்லை. பெண்கள் பந்தி நடந்துகொண்டிருக்க, இடப்பக்கம் ஆண்கள் முப்பது பேர் திருவிருந்து எடுத்து முடித்து, கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மடியிலும் ஒன்றும் இல்லை. முப்பது மடி காலி. மூன்றாவது பெஞ்சு ஓரத்தில் என் வீட்டுக்காரர், கண்ணை மூடி, பரம பக்தியோடு.

இந்த நிலையில்தான் அந்தக் கடிதம் வந்தது.

வந்தது என்று சொல்வது கூடத் தப்பு. என் வீட்டுக்காரரே சட்டைப் பையிலிருந்து எடுத்து, சாப்பாட்டு மேசையில், கடைக்குட்டியின் கஞ்சிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். சர்ச் தட்டச்சில் அவரே ஸ்டென்சில் அடித்து, அவரே உருட்டிப் பிரதி எடுத்து, மேலே பெயர் மட்டும் அவர் கையெழுத்தில். "மதிப்பிற்குரிய திருமதி" என்று போட்டு அதற்குப் பக்கத்தில் அவருடைய பெயர். சபைப் பட்டியலில் கல்யாணமான பெண்ணுக்குத் தன் பெயர் கிடையாது. திருமதி, அதற்குப் பிறகு புருஷன் பெயர்.

விஷயம் இதுதான். ஒரு வருடம் முழுக்கத் திருவிருந்து எடுக்காதவர்களைப் பூரண அங்கத்தினர் பட்டியலிலிருந்து நீக்கக் கமிட்டி தீர்மானித்திருக்கிறது. திருவிருந்து எடுத்தவர்களைக் குறித்துவைக்கும் வாசல் அங்கிளின் நோட்டுப் புத்தகத்தின்படி தாங்கள் பன்னிரண்டு மாதமாக எடுக்கவில்லை. வரும் மாதம் முதல் ஞாயிறு கடைசி வாய்ப்பு. அதையும் தவறினால் அன்றே ஆராதனை முடிவில் தங்கள் பெயர் வாசிக்கப்பட்டு நீக்கப்படும். இப்படிக்கு, கர்த்தருக்குள், செயலாளர்.

இரண்டு தடவை படித்தேன். கடைக்குட்டி கஞ்சிக் கையைக் கடிதத்தின் மேல் வைத்தான். எனக்கு அதைத் துடைக்கத் தோன்றவில்லை.

"நான் ஏன் எடுக்கலன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

"தெரியும். ஆனா விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்லா. செயலாளர் பொஞ்சாதிக்குச் சலுகைன்னு நாளைக்குப் பேச்சு வரும்."

"சரி. அந்த ஞாயித்துக்கிழமை பிள்ளைங்கள நீங்க பாத்துக்குங்க. நான் போய் எடுத்துட்டு வரேன்."

அவர் சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை. குடிக்கிறவர் இல்லை, கை நீட்டுகிறவர் இல்லை, சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பவர். ஆனால் தன்னைக் கோலாலம்பூர் நடுவில் நின்று கதகளி ஆடச் சொன்னது போல என்னைப் பார்த்தார்.

"ஆம்பிளைங்க பக்கம் பிள்ளைங்க உக்கார்ற வழக்கம் இல்லையே. எனக்கு அறிவிப்பு வேற வாசிக்கணும்."

அவ்வளவுதான் பேச்சு. சட்டையை மாற்றிக்கொண்டு பேப்பர் படிக்கப் போனார்.

அடுத்த வாரம் முன்வரிசை ஆன்டியிடம் போய்ச் சொன்னேன். பெண்கள் சங்கத்துக்கு அவர்தான் தலைவி. கமிட்டியில் ஒரு வார்த்தை பேசுவார் என்று நம்பினேன். அவர் என் கன்னத்தைத் தட்டினார்.

"இப்ப என்னம்மா அவசரம்? பிள்ளைங்க வளரட்டும். அஞ்சாறு வருஷம் போனா மறுபடி அங்கத்தினர் வகுப்புக்கு வந்து சேர்ந்துக்கலாம். நாங்கெல்லாம் அப்படித்தானே இருந்தோம்."

அவர் பாசமாகத்தான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏனென்றால் அந்த வார்த்தையை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன்.

என் அம்மா கேரி தீவில் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர். அப்போது தீவுக்குப் படகில்தான் போக வேண்டும். போதகர் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவார். வேலை நாளில் தோட்டத்துக் கைக்குழந்தைகளை விட்டுவைக்கும் ஆயாக்கொட்டகை ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும், அதில் ஆராதனை நடக்கும். அம்மா ஏழு பிள்ளைகளோடு வாசலில் நிற்பார். உள்ளே அப்பம் கொடுக்கும்போது வெளியே எங்களில் யாராவது யாரையாவது கடித்துக்கொண்டிருப்போம். "பிள்ளைங்க பெருசாவட்டும், எடுத்துக்கிறேன்" என்பது அம்மாவின் பதில். நாங்கள் பெரிதானோம். அம்மாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தது. முழங்கால் போட முடியாதவளுக்கு எதற்கு என்று அவராகவே போகாமல் இருந்துவிட்டார். கடைசி நாளில் போதகர் வந்தபோது விழுங்க முடியவில்லை. அப்பம் அவர் கடைவாயில் ஒட்டிக்கொண்டிருந்ததை நான்தான் விரலால் எடுத்தேன்.

அதனால், என்ன அவசரம் என்று என்னிடம் கேட்கக் கூடாது.

அந்த முதல் ஞாயிறு வந்தது. நான் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வழக்கம்போல ஏழு மணிக்குக் கிளம்பினார். நான் நீலக் கரை போட்ட நல்ல புடவை ஒன்றைக் கட்டினேன், மினி பஸ்சைப் பற்றிக் கவலைப்படாமல். பையில் எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். பிஸ்கட் டின்னில் கொஞ்சம் அதிகமாகவே வைத்தேன், நான் அரக்கி இல்லை.

இருபது நிமிடத்தில் வழக்கம்போல வெளியே வந்தோம். போர்ச்சில் கிள்ளான் அக்கா இரட்டையரை ஆளுக்கொரு கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் கடிதம் வந்திருந்தது.

"இன்னைக்கு நான் எடுக்கப் போறேன்" என்றேன். "நீங்களும் வாங்கக்கா. உங்க வீட்டுக்காரர் அஞ்சாவது பெஞ்சுலதானே இருக்காரு."

"ஐயோ, நான் மாட்டேன்லா. வீட்டுக்குப் போனா யார் பேச்சு வாங்குறது? பேர எடுத்தா எடுத்துட்டுப் போகட்டும்."

நான் இன்னொரு தடவை கூப்பிட்டிருக்கலாம். கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். என் படபடப்பு எனக்கு, அவளை அங்கேயே விட்டேன். இந்தக் கதையில் நான் வருத்தப்படுகிற ஒரே இடம் அதுதான்.

ஆண்கள் பந்தி முடிந்தது. கடைசிப் பத்துப் பேரும் திரும்பி வந்து உட்கார்ந்து கண்ணை மூடினார்கள். பெண்கள் எழுந்து வரிசையில் நின்றார்கள். அப்போது நான் உள்ளே நுழைந்தேன். கடைக்குட்டி இடுப்பில், நடுவன் ஒரு கையில், மூத்தவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, தோளில் பை. வாசல் அங்கிள் பாட்டுப் புத்தகத்தைத் தூக்குவதற்குள் நடுப்பாதையில் பாதி தூரம் போய்விட்டேன். வலப்பக்கம் திரும்பவில்லை.

இடப்பக்கம் மூன்றாவது பெஞ்சு. கடைக்குட்டியை அவர் மடியில் வைத்தேன். நடுவனை அவருக்கும் பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டருக்கும் நடுவில் இறக்கினேன். மூத்தவளை ஓரத்தில் உட்கார வைத்தேன். பையை அவர் காலடியில் வைத்தேன்.

அவர் கண்ணைத் திறந்தார். "என்ன செய்யிற நீ? இது ஆம்பிளைங்க பக்கம்."

"ஆமா. அப்பா இருக்கிற பக்கம்" என்றேன். "பால் போத்தல் பச்சை மூடி. கலந்தாச்சு."

வரிசையின் கடைசியில் போய் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முன்வரிசை ஆன்டியும் பார்த்தார், இரண்டு தடவை. நான் பீடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் இடுப்பில் பாரம் இல்லாமல் நிற்க எனக்கு மறந்து போயிருந்தது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டேன்.

கடைசிப் பந்தியில் கிராதியின் ஓரத்தில் எனக்கு இடம் கிடைத்தது. முழங்கால் போட்டேன். போதகர் அந்தக் கோடியிலிருந்து கொடுத்துக்கொண்டு வந்தார். பின்னால் ஆரம்பமானது. முதலில் பிஸ்கட் டின் கீழே விழுந்து உருண்ட சத்தம். அடுத்து மூத்தவள் தெளிவாக, "அப்பா, தம்பி அங்கிளோட ஷூவ கழட்டுறான்" என்றாள். அப்புறம் கடைக்குட்டி தன் வித்தையைக் காட்டத் தொடங்கினான்.

அந்தக் கத்தலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். தாயை மட்டும் குறி பார்த்து அடிக்கிற கத்தல் அது. என் உடம்பு தானாகத் திரும்பப் பார்த்தது, மார்பு கனத்தது. கிராதியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

தோளை யாரோ தொட்டார்கள். வாசல் அங்கிள் குனிந்தார். "பிள்ளை அழுவுதும்மா."

"அவன் அப்பா அங்கதான் இருக்காரு, அங்கிள்."

"இல்லம்மா, அவருக்கு..."

"அவருக்கும் பழகட்டும் அங்கிள்."

போதகர் எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தார். இளவயசுக்காரர், வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் நடப்பதையும் பார்த்தார். நான் இரண்டு கையையும் ஏந்தினேன். எந்திரிக்கச் சொன்னால் எந்திரிக்க மாட்டேன் என்பது என் முகத்தில் எழுதியிருந்திருக்கும். அவர் அப்பத்துண்டை என் உள்ளங்கையில் வைத்தார்.

மனசெல்லாம் சமாதானம் நிறைந்தது என்று சொன்னால் அது பொய். எனக்குக் கோபம்தான் இருந்தது. அந்த அப்பத்தைக் கோபத்தோடுதான் மென்றேன். ரசத்தைக் குடித்தபோது அம்மாவின் கடைவாய் ஞாபகம் வந்தது, அப்போது அழுதேன். "சமாதானத்தோடே போங்கள்" என்று போதகர் சொன்னதும் மற்ற ஒன்பது பேரும் எழுந்து போனார்கள். நான் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தேன். எனக்குப் பின்னால் வேறு பந்தி இல்லை, யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

எழுந்து திரும்பியபோது மூன்றாவது பெஞ்சு ஓரம் காலியாக இருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் குனிந்து ஒரு ஷூவைத் தேடிக்கொண்டிருந்தார். செயலாளரும் மூன்று பிள்ளைகளும் பையும் போர்ச்சில். நான் நேராக வலப்பக்கம் போய், காற்றாடிக்குக் கீழே இடம் பார்த்து உட்கார்ந்தேன்.

அந்த நாளுக்காக மன்னிப்புக் கேட்கச் சொல்லிப் பிறகு கமிட்டியிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். கோப்பி கலந்து கொடுத்தேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. ஆனால் அது அப்புறம் நடந்தது. அன்றைய ஆராதனை இன்னும் முடியவில்லை.

"இப்போது அறிவிப்புகள்" என்றார் போதகர்.

யாரும் எழவில்லை. போதகர் இடப்பக்கம் பார்த்தார். ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வாசல் அங்கிள் வெளியே ஓடினார். மூன்று வருடமாக நாங்கள் நின்ற இடத்திலிருந்து செயலாளரைக் கூட்டிவந்தார்.

அவர் நடுப்பாதையில் வந்ததைச் சர்ச் முழுக்கப் பார்த்தது. இஸ்திரி போட்ட சட்டையின் ஒரு பக்கம் முழுக்கப் பால். மூக்குக் கண்ணாடி கோணல். கடைக்குட்டி இடுப்பில், அதுவும் பிடிக்கத் தெரியாமல் பிடித்த பூசணிக்காய் மாதிரி. நடுவன் அவர் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தான், கையில் ஸ்டேஷன் மாஸ்டரின் ஷூ. மூத்தவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். மைக்கைப் பார்த்ததும் கடைக்குட்டி அழுகையை நிறுத்திவிட்டான். பிடிக்கப் பார்த்தான்.

அவர் ஒரு கையால் காகிதத்தைப் பிரித்து வாசித்தார். வாரக் கூட்டம், பாட்டுப் பயிற்சி, யாருக்கோ உடம்பு சரியில்லை. கடைசியாக, "ஒரு வருடமாகத் திருவிருந்து எடுக்காததால் அங்கத்தினர் பட்டியலிலிருந்து நீக்கப்படுபவர்கள்" என்றார்.

முதல் பெயர் கிள்ளான் அக்காவுடையது. திருமதி, அப்புறம் அவள் புருஷன் பெயர். அந்த மனுஷர் ஐந்தாவது பெஞ்சில் தலையைக் குனிந்தார். அவள் காதில் விழுந்திருக்காது. போர்ச் வரைக்கும் ஸ்பீக்கர் கிடையாது.

இரண்டாவது பெயரும் முடிந்தது.

"திருமதி" என்று தொடங்கினார். நின்றுவிட்டார்.

அடுத்து அவர் வாசிக்க வேண்டியது அவருடைய பெயரையேதான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அறிவிப்புத் தாளை வழக்கமாகத் தட்டச்சு அடிக்கிற வியாழக்கிழமையே அந்தப் பட்டியலையும் அவர் அடித்து வைத்திருக்கிறார். இந்த ஞாயிறு வருவதற்கு முன்பே, கடைசி வாய்ப்பு என்று அவரே எழுதிக் கொடுத்த அந்த வாய்ப்பு வருவதற்கு முன்பே, நான் எடுக்க மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டிருக்கிறார். அதில் கோபம்கூட இருந்திருக்காது. வழக்கப்படி யோசித்திருப்பார், அவ்வளவுதான்.

நான் எழுந்து நின்றேன். பெண்கள் பக்கத்தில் அறிவிப்பு நேரத்தில் யாரும் எழுந்தது கிடையாது.

"நான் எடுத்தாச்சு" என்றேன். "அங்கிள் நோட்டுல பாருங்க."

வாசல் அங்கிள் நோட்டைப் பிரித்தார். எல்லாரும் காத்திருந்தோம். "டிக் போட்டிருக்கேன்" என்றார் மெதுவாக. போதகரும் தலையை ஆட்டினார்.

அந்தப் பெயரைப் பட்டியலில் கோடு போட்டு அடிக்க வேண்டும். சிவப்புப் பேனா சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் அந்தப் பை கடைக்குட்டியின் பிடியில் இருந்தது, ஒரு கையில் பிள்ளை, இன்னொரு கையில் காகிதம், காலில் நடுவன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வந்து பிள்ளையை வாங்கு என்கிற பார்வை. வலப்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முன்வரிசை ஆன்டி முழுதாகத் திரும்பி உட்கார்ந்தே விட்டார்.

நான் புடவைக் கொசுவத்தைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்தேன். எப்படியாவது பெயரை அடிப்பார், அடித்துவிட்டு மேலே வாசிக்கட்டும். எனக்கு அன்று ஒரு அவசரமும் இல்லை.